ஆட்டோ டாப்பில் காய்ந்த கூழ் வத்தல்

கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் கூழ் வத்தல் ஊற்றுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. கரண்டியைக் கையில் எடுத்தேன் என்றால் ஒவ்வொரு வத்தலும் அச்சில் வார்த்த மாதிரி வட்டமாக விழும்.

சரி, பொய். (எழுதும்போதே வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் எனக்கு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதினால் அப்படித்தான். இப்போது அந்த வரியைக் கேட்டுவிட்டு மாடியில் என் பெண்டாட்டி சிரிக்கிறாள்.) நான் ஊற்றும் வத்தல் ஒன்று இலங்கை மாதிரி இருக்கும், இன்னொன்று நசுங்கிய செருப்பு மாதிரி இருக்கும். ஆனால் அந்தச் செருப்பு வத்தல்தான் ஸ்டெல்லாவின் மானத்தைக் காப்பாற்றியது. அது பொய் இல்லை.

என் பெண்டாட்டி ஸ்டெல்லா ஒன்றாம் வகுப்பு டீச்சர். நான் சிதம்பரத்தில் ஆட்டோ ஓட்டுகிறேன். வருஷா வருஷம் மே மாத வெயிலில் அவள் அரிசி மாவும் ஜவ்வரிசியும் போட்டுக் கூழ் காய்ச்சுவாள். பச்சை மிளகாய், சீரகம், எலுமிச்சை, உப்பு, அவ்வளவுதான். வேட்டியில் ஊற்றிக் காயவைத்து, பொட்டலம் கட்டி, பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு அம்மா அம்மா என்று அலறுகிற புதுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுப்பாள். "சாயங்காலம் அம்மாவ பொரிச்சுத் தரச் சொல்லு" என்பாள். அழுகை நின்றுவிடும். டிவி விளம்பரத்தில் கூட இப்படி ஒரு மருந்து நான் பார்த்ததில்லை.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையன் வீடு போகிற வரைக்கும் பொறுக்காமல் வழியிலேயே பொட்டலம் முழுக்கப் பச்சையாகத் தின்றுவிட்டான். மறுநாள் அவன் அம்மா பள்ளிக்கூடம் வந்து, பையனுக்கு வயிற்றுவலி என்று ஆரம்பித்தாளாம். எச்.எம் அம்மா அத்தோடு ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுவிட்டார்.

"அடுத்த வருஷத்துலேந்து வீட்டுப் பண்டம் எதுவும் வேணாம் ஸ்டெல்லா. பென்சில் வாங்கிக் குடுத்துடு."

ஸ்டெல்லா மன்றாடி ஒரே ஒரு சலுகை வாங்கினாள். திறப்பு நாளுக்கு முன்னால் எச்.எம் அம்மா வத்தலைப் பார்ப்பார். சுத்தமாக இருந்தால் சரி. இல்லையென்றால் பென்சில்தான், அதுவும் நிரந்தரமாக. "பென்சில பாத்தா எந்தப் பிள்ளை அழுகைய நிறுத்தும்?" என்று அன்றைக்கு அவள் மூக்கை உறிஞ்சியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த வருஷம் மே மாதம், ஒரு நாள் விடிகாலையில் கூழைக் காய்ச்சி வைத்துவிட்டு, ட்ரெயினிங் என்று கடலூர் கிளம்பினாள்.

"மாடியில ஊத்தி வெச்சிட்டு காக்கா பாத்துக்குங்க. இது எச்.எம் அம்மாவுக்குக் காட்டுற வத்தல். ஒழுங்கா செய்வீங்களா?"

"நீ போயிட்டு வா. நான் இல்ல?"

(அந்த 'நான் இல்ல' என்பதை நான் எப்போது சொன்னாலும் ஏதோ ஒன்று உடையும்.)

மாடிப்படி ஏறினால் கதவில் பூட்டு. வீட்டுக்காரர் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போயிருந்தார், சாவியும் அவரோடு வேளாங்கண்ணி போயிருந்தது. எங்கள் தெருவிலோ வேப்ப மரம், புங்க மரம், எங்கு பார்த்தாலும் நிழல். வெயில் ஏற ஏறக் கூழ் புளிக்க ஆரம்பித்துவிடும். அப்போதுதான் என் கண்ணில் என் ஆட்டோ பட்டது. நாள் முழுக்க ஸ்டாண்டில் வெயிலில் வறுபடுகிற டாப்.

என் மூளையை நானே தட்டிக்கொடுத்தேன். டாப்பை சோப்புப் போட்டுக் கழுவினேன். மேலே கோரைப்பாய், அதன் மேலே துவைத்த வேட்டி, நாலு மூலையும் கயிறு. மெதுவாக ஓட்டிக்கொண்டு போய் ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டூல் போட்டு ஏறி, கரண்டி கரண்டியாக ஊற்றினேன்.

பக்கத்து ஆட்டோ பஷீர் பாய் டீ கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னா மச்சான், வண்டிக்கு அம்மை போட்டிருக்கா? வேப்பிலை கட்டுடா."

"வாய மூடு பாய். வத்தல் காயுது."

"சவாரி?"

"இன்னைக்கு ஆட்டோ லீவு."

பதினோரு மணி வெயிலில் வத்தல் ஓரமெல்லாம் உரிய ஆரம்பித்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்த நேரம், வேர்த்து விறுவிறுக்க ஒரு அம்மா வந்து நின்றார். ஆண்டு விழா மேடையில் பார்த்த முகம். எச்.எம் அம்மா. என்னை அவருக்குத் தெரியாது.

"கிள்ளைக்குப் போவணும்பா. தங்கச்சி வீட்டுல விசேஷம், பஸ்ஸ விட்டுட்டேன்."

"வண்டி ரிப்பேர்ங்க."

"ஏறுங்கம்மா, அவன் சும்மா சொல்றான்!" என்றார் பாய். (அவர் ஆட்டோவுக்கு அன்றைக்குப் பார்த்துப் பஞ்சர். நல்ல மனுஷன்தான், நேரம்தான் தெரியாது.)

எச்.எம் அம்மா ஏறிவிட்டார். "மேல என்னாப்பா பாய் கட்டியிருக்க?"

"வெயிலுக்குங்க. உள்ள ஏசி மாதிரி இருக்கும்."

"அட, ஆமா! நல்ல ஐடியா," என்றார். ஸ்டெல்லாவின் எச்.எம் என்னைப் பாராட்டுகிறார். பெருமையில் வேகத்தைக் கூட்டிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால், பின்னால் பைக்கில் வந்தவர் ஹெல்மெட்டில் இலங்கை ஒட்டியிருந்தது.

கிள்ளை போகிற வழியில் ரயில்வே கேட். மூடியிருந்தது. நிறுத்தினேன். எங்களை ஒட்டி ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. பஸ் ஜன்னல் உயரமும் ஆட்டோ டாப் உயரமும் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் யோசிக்கவில்லை.

தலைக்கு மேலே பர்ர், பர்ர் என்று உரிக்கிற சத்தம்.

"மேல என்னாப்பா சத்தம்?"

"மழைங்க."

"அக்னி நட்சத்திரத்துலயா?"

ஜன்னலிலிருந்து ஒரு குரல்: "டிரைவரண்ணே! உப்பு கரெக்ட்டா இருக்குது, காரம் கொஞ்சம் ஜாஸ்தி!"

எச்.எம் அம்மா இறங்கிவிட்டார். அண்ணாந்து பார்த்தார். ஜன்னலுக்கு ஒரு கையாகப் பஸ்ஸே அரைக்காய்ச்சல் வத்தலை உரித்துத் தின்றுகொண்டிருந்தது. (அரைக்காய்ச்சல் வத்தலைப் பார்த்துவிட்டுச் சும்மா போனவன் இந்த ஜில்லாவில் பிறக்கவில்லை.)

"யாரு வத்தல் இது?"

பொய் சொல்ல வாய் திறந்தேன். வந்தது உண்மை. "ஸ்டெல்லா டீச்சரோடதுங்க. நான் அவங்க வீட்டுக்காரன்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, கடையில் பென்சில் என்ன நிறத்தில் கிடைக்கும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அந்த நேரம் பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு பெண், வாய் நிறைய வத்தலோடு, எட்டிப் பார்த்தாள். மடியில் ஒரு பையன், அவன் வாயும் நிறைந்திருந்தது.

"எச்.எம் டீச்சர்! நம்ம ஸ்டெல்லா டீச்சர் வத்தலா இது? நெனச்சேன், அதே ருசி!"

"நீ... வயித்துவலின்னு கம்ப்ளைண்ட் குடுத்தவதானே?"

"ஐயோ, கம்ப்ளைண்டா? இந்த எருமை பச்சையாவே தின்னுட்டு வலின்னு உருண்டான். வீட்டுல பொரிக்க ஒன்னும் மிஞ்சல. இன்னொரு பொட்டலம் கெடைக்குமான்னு கேக்க வந்தேன் டீச்சர். நீங்கதான் என்னைப் பேசவே விடல!"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் விசிலை ஊத மறந்து சிரித்தார்.

எச்.எம் அம்மா எக்கி, வேட்டி ஓரத்தில் இருந்த செருப்பு வடிவ வத்தலை உரித்தார். வாயில் போட்டார். மென்றார். இன்னொன்றை உரித்தார்.

"டாப்பைக் கழுவினியா?"

"சோப்பு போட்டுங்க."

"ஸ்டெல்லாவுக்கு இருக்கிற சுத்தம் உனக்கும் இருக்குது. புத்திதான் இல்ல. ரோட்டுப் புழுதி படாதா?" என்றவர், பஸ்ஸைப் பார்த்து வகுப்பறைக் குரலில் சொன்னார்: "கைய எடுங்க எல்லாரும்! அது பிள்ளைங்களுக்கு!"

அத்தனை கையும் உள்ளே போய்விட்டது.

தன் புடவைத் தலைப்பை எடுத்து மூடாததுதான் பாக்கி. மிச்ச வத்தல் மேலே என் துண்டை விரித்துக் கட்டவைத்தார். "தங்கச்சி வீட்டுல பெரிய மாடி இருக்குது, கடல் காத்து. அங்க ஓட்டு. பஸ்ஸு தின்னதை அவங்களுக்கு நேந்துவிட்டதா வெச்சுக்க, மிச்சம் புழுதி பட்டது, நமக்கு. பிள்ளைங்களுக்கு அங்கயே புதுசா ஊத்தச் சொல்றேன், ஸ்டெல்லாவ வரச் சொல்லு. பென்சில் வேணாம்."

கேட் திறந்தது. கலெக்டர் காரை ஓட்டுகிறவன் மாதிரி ஓட்டினேன்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் அந்தக் கிள்ளை மாடியில்தான் பள்ளிக்கூட வத்தல் காய்கிறது. அதற்குப் பேர் 'ஆட்டோ வத்தல்'. பிள்ளைகள் செருப்பு வடிவம்தான் கேட்கிறார்கள் என்பதால், அதை ஊற்றுவதற்கென்றே என்னையும் கூட்டிப் போகிறார்கள். இப்போது அந்த மாடிக்குக் கீழே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்த ஸ்டெல்லா, "எங்க என் வத்தல்?" என்று கேட்டதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? ரொம்ப தைரியமாக, அவள் கண்ணைப் பார்த்து...

"ஏங்க! அங்க என்னா பேச்சு? காக்கா ஒரு செருப்பத் தூக்கிட்டுப் போவுது பாருங்க!"

இருங்க, வந்துடறேன்.