மாண்புமிகு உண்ணிக்கு வரவேற்பு

உண்ணிக் காய்ச்சலை ஒழிப்பதில் அந்த மாவட்டம் காட்டிய வேகத்தை உலகம் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. ஒரே வாரத்தில் மூன்று ஊர்வலம், நாற்பது பதாகை, ஓர் உறுதிமொழி. உறுதிமொழி எடுக்காதவை உண்ணிகள் மட்டுமே. அவற்றுக்கு அழைப்பிதழ் போகவில்லை.

பதாகையை எழுத்து விடாமல் படித்து, சொன்னபடியே நடந்த ஒரே குடிமகள் ஆட்டுக்காரிதான். ‘கடித்த உண்ணியை நசுக்காதீர்! குப்பியிலிட்டுக் கொண்டு வாரீர்!’ என்றிருந்தது. புருஷனின் அக்குளில் பயறு மாதிரி உப்பிக் கிடந்ததை இடுக்கியால் பிடுங்கி, காலித் தைலக் குப்பியில் போட்டு மூடி வைத்தாள். ஐந்தாம் நாள் அவனுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. கை காலெல்லாம் சிவப்புப் புள்ளி. ஒரு கையில் புருஷன், மறு கையில் குப்பி என்று அரசு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தாள்.

மருத்துவர் நல்லவர். பார்த்ததும் புரிந்துகொண்டார்.

“இந்த மாத்திரைய இன்னிக்கே ஆரம்பிக்கணும்மா. நாளைக்குன்னு விட்டா ஆளு தாங்க மாட்டாரு” என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, விழிப்புணர்வு உரை நிகழ்த்த ஓடினார்.

மருந்து ஜன்னலில் இருந்தவர் சீட்டைப் பார்த்துப் பெருமைப்பட்டார்.

“இது நம்மகிட்ட நிறைய இருந்துச்சுக்கா. அத்தனையும் கண்காட்சிக்குப் போயிடுச்சு.”

“அப்ப எனக்கு?”

“போய்ப் பாருங்க. நுழைவு இலவசம்.”

பெஞ்சில் நடுங்கிக்கொண்டிருந்த புருஷன் பல் கிட்டக் கேட்டான்: “ஏ புள்ள, நானும் அங்கயே போய் நிக்கட்டுமா? அங்க போனாத்தான் கவனிப்பாங்க போல.”

“நீ வாய மூடிக்கிட்டுப் படு, இதோ வரேன்.”

கண்காட்சிக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் மாத்திரை அட்டைகளைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். பக்கத்தில் கன்றுக்குட்டி அளவு தெர்மாகோல் உண்ணி. அவளோ தான் வளர்த்த ஆடுகளின் காதில் ஆயிரம் உண்ணி பார்த்தவள். சும்மா இருக்க முடியவில்லை.

“சார், இதுக்கு ஆறு காலுதான் வச்சிருக்கீங்க. உண்ணிக்கு எட்டு.”

“ஆறுன்னு மேலிடத்துல ஒப்புதல் வாங்கியாச்சும்மா” என்ற விழிப்புணர்வு அலுவலர், அவள் கைக்குப்பியைக் கண்டதும் குரல் தழுதழுக்கக் கூவினார். “உயிரோடவா! இங்க கொடுங்க, தாயே!”

சிவப்புத் துணி விரித்தார்கள். பூதக்கண்ணாடி வந்தது. உண்ணிக்கு மின்விசிறி திருப்பப்பட்டது. கண்காட்சியைத் திறக்க அமைச்சர் வந்து, குனிந்து, கண் கலங்கப் பார்த்தார்.

“இது யாரைக் கடிச்சுது?”

“பொதுமக்களை, ஐயா” என்றார் அலுவலர்.

“என் வீட்டுக்காரரைக் கடிச்சுதுங்க! வெளிய பெஞ்சுல கிடக்கிறாரு. இந்தா இருக்கு சீட்டு. அந்தப் பெட்டியில இருந்து ஒரு அட்டை கொடுங்க.”

அலுவலர் அவள் காதருகே சொன்னார்: “நிகழ்ச்சி நிரல்ல நீங்க இல்லம்மா. கண்காட்சி வெள்ளிக்கிழமை முடியும். அப்புறம் வாங்க.”

அன்று திங்கட்கிழமை.

எல்லாரும் உண்ணியோடு படம் எடுக்கத் திரும்பி நின்றார்கள். ஆட்டுக்காரி பெட்டியின் கதவைத் திறந்தாள். மேலே எட்டவில்லை, அடியிலிருந்து இரண்டு அட்டை உருவினாள். அந்த இடத்தில் மருத்துவர் சீட்டை வைத்தாள். கோபுரம் படபடவென்று சரிந்தது.

“ஐயோ, போச்சே! மூணு நாள் அடுக்கினது!” என்று அலுவலர் அலறியபோது, அவள் பெஞ்சுக்குப் போய்ப் புருஷனின் வாயைத் திறந்து மாத்திரையைப் போட்டுத் தண்ணீரும் ஊற்றிவிட்டிருந்தாள்.

வார இறுதி அறிக்கை எல்லாவற்றையும் நேர்மையாகப் பதிவு செய்தது. விழிப்படைந்தோர் பன்னிரண்டாயிரம். உண்ணி ஒன்று, நலம். திருட்டு ஒன்று, காவல் நிலையத்தில் புகார் தரப்பட்டுள்ளது.

அந்த வாரம் முழுவதும் அரசு மருந்து ஒரு நோயாளியின் வயிற்றுக்குள் போனதற்கு இருக்கிற ஒரே ஆதாரம் அந்தப் புகார்தான்.