எதிர்க்கட்சிக்கு வேட்பாளர் பார்த்த கதை

ஜனநாயகத்தைக் கண்டுபிடித்தவர்கள் கிரேக்கர்கள் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. போட்டுவிட்டுப் போகட்டும். இதற்கு மேல் முன்னேற்ற இடமே இல்லை என்கிற நிலைக்கு அதைக் கொண்டுவந்து நிறுத்தியது விஸ்கான்சின் மாநிலத்தின் டாமரக் மாவட்டம். அந்த மாவட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது அடியேன், ராய்ஸ் ஹால்வர்சன். தொழில், ஏரிக்கரையில் தூண்டில் புழு வியாபாரம். பொதுவாழ்வில், கழுதைக் கட்சியின் மாவட்ட 'வியூக வகுப்பாளர்'.

கழுதை எங்கள் கட்சியின் சின்னம். எதிரிகளுக்கு யானை. சின்னத்தைப் பார்த்துக் கட்சியில் சேர்வதென்றால் எங்களிடம் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். ஆகவே நாங்கள் கொள்கைக்காகவே சேர்ந்தவர்கள் என்பது ஐயம் திரிபற நிரூபணமாகிறது.

அந்த வருடம் மாவட்டத்துக்கே போலீஸ் தலைவரான ஷெரிப் பதவி காலியானது. எங்கள் கட்சியில் போட்டியிட முன்வந்தவள் மேவிஸ், என் கூடப்பிறந்த அக்கா. ஷெரிப்பின் உதவியாளராக இருந்தே தலை நரைத்தவள். குளிர்காலத்தில் ஏரி மேல் உறைந்த மெல்லிய பனியில் வண்டியை ஓட்டி உள்ளே முங்கியவர்களைக் கயிறு கட்டி இழுப்பாள். குடித்துவிட்டுச் சாலையோரம் கிடப்பவர்களை வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டு, மனைவிக்குப் பதிலாகத் தானே திட்டிவிட்டு வருவாள். கழுதையா யானையா என்று பார்க்க மாட்டாள். நாலு பேர் முன்னால் என்னை 'டேய்' என்பதைத் தவிர அவளிடம் வேறு குறை கிடையாது.

"இதுல தோத்துட்டேன்னா புது ஷெரிப் என்னை வச்சிருக்க மாட்டான்டா," என்றாள் ஒருநாள், கடையில் காபி குடித்துக்கொண்டே. "ஊரை விட்டுட்டு டுலூத்துக்குப் போகணும். ஏதாவது கடை வாசல்ல காவலுக்கு நிக்கணும்."

"தோக்கிறதாவது! உன்னை எதிர்த்து நிக்கிறது யாரு? ஆர்டன் பீல்!"

இரண்டு பேரும் சிரித்தோம். ஆர்டன் பீல் எங்கள் கட்சியிலேயே அவளுக்குப் போட்டியாக நின்றவர். சாலையைக் கண்ட இடத்தில் கடக்கும் மான்களுக்கு அபராதம் விதிப்பது அவருடைய ஒரே வாக்குறுதி.

யானைக் கட்சியிலும் இருவர். ஒருவர் ஹார்லன் டீட்ஸ், நெடுஞ்சாலைக் காவலில் இருந்து ஓய்வு பெற்றவர், சுத்தமான மனிதர். அதுதான் எங்களுக்குப் பிரச்சினை. நவம்பரில் நடக்கும் பொதுத்தேர்தலில் மேவிஸைத் தோற்கடிக்கக்கூடிய ஒரே ஆள் அவர். மற்றவர் கஸ் பிரிங்க்மன். வருடா வருடம் ஏரி உறைவதற்கு முன்பே லாரியை ஓட்டிக்கொண்டு உள்ளே போய் முங்குவார். பதவிக்கு வந்ததும் ஏரியின் மேல் வழக்குப் போடப்போவதாக அறிவித்திருந்தார்.

இங்கேதான் எங்கள் மாநிலச் சட்டத்தின் பெருந்தன்மையைச் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் மாதத்தில் ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஒரு முன்தேர்தல். அதில் யார் வேண்டுமானாலும் எந்தக் கட்சியின் போட்டியில் வேண்டுமானாலும் வாக்களிக்கலாம். யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கட்சியில் மட்டும்தான் போடலாம், அவ்வளவுதான். நம் வீட்டுக்கு வரப்போகும் மாப்பிள்ளையை எதிர்வீட்டுக்காரர் நேரில் வந்து முடிவு செய்துவிட்டுப் போகலாம் என்பது போன்ற ஏற்பாடு இது. இதன் முழு அழகையும் உணர்ந்த முதல் மனிதன் நான்தான் என்று அப்போது நம்பினேன்.

கட்சியின் செயற்குழு என் கடைப் பின்கட்டில், மண்புழுப் பெட்டிகளுக்கு நடுவே கூடியது. தலைவி யூனிஸ் லாட்டிமர் மூக்கைப் பொத்திக்கொண்டு தலைமை தாங்கினார்.

"நாம எல்லாரும் யானைங்க பக்கம் போய் கஸ் பிரிங்க்மனுக்குக் குத்துறோம்," என்றேன். "ஹார்லன் அவுட். நவம்பர்ல மேவிஸுக்கு எதிர்ல கஸ். ஏரி மேல கேஸ் போடுறவனுக்கு எவன் ஓட்டுப் போடுவான்?"

"அதெல்லாம் சரி தம்பி, மேவிஸுக்கு யாரு போடுறது?" என்றார் யூனிஸ்.

"அவங்களுக்கு எல்லாரும் போடுவாங்க மேடம்."

"எல்லாரும்னா?"

"ஊர்ல மத்தவங்க."

"நாமதான் அங்க போறோமே?"

"நாம போனா என்ன? எல்லாருமா போகப்போறாங்க?"

இந்த வாதத்தின் பலத்தில் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. உறுப்பினர்கள் தத்தம் நண்பர்களிடம் 'பரம ரகசியமாக' சொல்வதென்றும் முடிவாயிற்று. எங்கள் ஊரில் பரம ரகசியம் என்றால் மளிகைக்கடை, தேவாலயம், முடிதிருத்தகம் மூன்றிலும் சொல்வது என்று பொருள்.

முன்தேர்தலுக்கு முந்தைய நாள் அக்கா கடைக்கு வந்தாள்.

"டேய், நாளைக்கு எனக்குப் போடுவேல்ல?"

"என்னக்கா இப்படிக் கேக்குற? ஊரே உனக்குத்தான்."

"ஊர் கிடக்கட்டும். நீ?"

"வாக்குரிமைங்கிறது புனிதமானதுக்கா. ரகசியத்தை வெளிய சொல்லக்கூடாது."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கடனுக்குப் புழு கேட்ட ஒருவனை என் சார்பில் விரட்டிவிட்டுப் போனாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் கெட்ட கோபம் வரும், திட்டம் கெட்டுவிடும். ஒரு பெரிய வியூகத்தை உறவுமுறைக்காகப் பலியிட எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் கூட்டம் நெருக்கியடித்தது. ஆகஸ்ட் முன்தேர்தலில் வாக்குச்சாவடி ஊழியர்கள் வழக்கமாகப் பின்னல் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பார்கள். அன்று நிமிரக்கூட நேரமில்லை. எல்லோர் நெஞ்சிலும் 'நான் வாக்களித்தேன்' என்று சாவடியில் ஒட்டிவிட்ட வட்டச் சீட்டு. வாசலில், பந்துருட்டி ஆடும் பௌலிங் கூடத்து முதலாளி லைல் கோபெக்கைப் பார்த்தேன். யானைகளின் வியூக வகுப்பாளர் அவர். வழக்கமாக என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர், அன்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்னப்பா புழுக்கடை! உங்க அக்கா இருக்காங்களே, தங்கமான பொம்பளை."

"உங்க ஹார்லனும் அப்பழுக்கில்லாத மனுஷன் லைல் அண்ணே."

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் எதற்காகச் சிரித்தார் என்று நான் யோசிக்கவில்லை. என் சிரிப்பிலேயே நான் மூழ்கியிருந்தேன்.

முடிவுகளை நீதிமன்ற மண்டபத்தில் வாசித்தார்கள். யானைக் கட்சி வேட்பாளர், கஸ் பிரிங்க்மன். நாங்கள் துள்ளிக் குதித்தோம். யானைக் கட்சியினர் துக்கப்படாமல் உட்கார்ந்திருந்தது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. அடுத்து, கழுதைக் கட்சி வேட்பாளர், ஆர்டன் பீல். இப்போது லைல் மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். எழுந்தவர், கஸ் பிரிங்க்மன் என்ற பெயர் அப்போதுதான் காதில் ஏறியதுபோல, மெதுவாக உட்கார்ந்தார்.

எங்களுக்கு அவர்களும் அவர்களுக்கு நாங்களும் வேட்பாளர் பார்த்துக் கொடுத்திருந்தோம். இவ்வளவு ஒற்றுமையாக இரு கட்சிகளும் உழைத்தது மாவட்ட வரலாற்றிலேயே முதல் முறை.

அதிகாரி வார்டு வாரியாக வாசித்துக்கொண்டே போனார். எங்கள் வார்டு வந்தது. நானும் அக்காவும் யூனிஸும் பாதிச் செயற்குழுவும் குடியிருக்கும் வார்டு.

"மேவிஸ் ஹால்வர்சன், ஒன்று."

அந்த ஒன்றைப் போட்டது யார் என்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அவள் என் பக்கம் திரும்பி, என் நெஞ்சில் இருந்த வட்டச் சீட்டைப் பார்த்தாள். 'டேய்' என்றுகூடச் சொல்லவில்லை.

ஆனாலும் கட்சிக் கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கிறதே! செப்டம்பர் முழுக்க 'மான்களுக்கும் சட்டம் ஒன்றே' என்று பலகை எழுதி வீடு வீடாகப் புல்வெளியில் நட்டேன். எதிர்ச்சாரியில் லைல், 'ஏரியே, பதில் சொல்!' என்று நட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மாநிலத் தலைமை எனக்கு ஒரு பாராட்டுக் கேடயம் அனுப்பியது, 'வாக்காளர் பங்கேற்பை வரலாறு காணாத அளவுக்கு உயர்த்தியமைக்காக'.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, மேவிஸுக்கு வழியனுப்பு விருந்து. புது ஷெரிப் யாரானாலும் தன்னை அனுப்பிவிடுவான் என்று தெரிந்து, டுலூத்தில் ஒரு கடையில் அவளே வேலை தேடிக்கொண்டுவிட்டாள். வறுத்த மீன், கோஸ் பச்சடி, கம்பு ரொட்டி. இரு கட்சியினரும் வந்திருந்தார்கள், அவளால் ஏரியிலிருந்து இழுக்கப்பட்டவர்கள் உட்பட. ஒருவர் விடாமல் அவள் கையைப் பிடித்து, "நீங்கதான் ஷெரிப்பா வந்திருக்கணும்," என்றார்கள்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலையே," என்றாள் மேவிஸ். "வாக்குச்சீட்டுல அடியில ஒரு கோடு காலியா விட்டிருப்பாங்க. என் பேரை எழுதுங்க, அதுவும் ஓட்டுதான்."

எல்லோரும் தட்டிலிருந்த மீனில் முள் இருக்கிறதா என்று ஆராயத் தொடங்கினார்கள்.

"எழுதலாம்மா," என்றார் யூனிஸ். "ஆனா மத்தவங்க யாரும் எழுத மாட்டாங்களே. ஓட்டு வீணாப் போயிடுமே."

"கரெக்ட்," என்றார் லைல். இரு கட்சிகளும் கருத்து வேறுபாடின்றி ஒத்துப்போன அந்த நல்ல வேளையைப் பயன்படுத்திக்கொண்டு நான் எழுந்தேன். கையில் பீர் கோப்பையை ஏந்தி, மாவட்டத்தின் சார்பில் ஒரு கூட்டுக் கண்டனத் தீர்மானத்தை முன்மொழிந்தேன்: "இந்த நாட்டில் நல்லவர்கள் அரசியலுக்கு வர முன்வராத அவல நிலையை இக்கூட்டம் ஆழ்ந்த வேதனையுடன் கண்டிக்கிறது."

லைல் வழிமொழிந்தார். பலத்த கைதட்டல்.

மேவிஸ் மேல்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் வந்தேன்டா, ராய்ஸ்," என்றாள். "நீதான் வரல."