கிழக்குப் பக்கம் மட்டும்தான் சார்

நேத்து காலைல எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. காசிமேடு மீன்பிடி ஹார்பருக்குப் போய், துணி காயப்போட நைலான் கயிறு வாங்கிட்டு வரணும்.

அம்மா ரெண்டு வாட்டி சொல்லி அனுப்பினாங்க. என் ஞாபகசக்தி மேல அவங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

கயிறு கடை வாசல்ல நிக்கும்போது என் பிஎச்டி கைடு சார் போன் பண்ணார். எங்கேயோ இருக்கற ஒரு கிரகத்தோட காத்து, வெயில், கடல் எல்லாத்தையும் கம்ப்யூட்டர் மாடல்ல ஓடவிட்டு, அங்க உயிர் வாழ முடியுமான்னு பாக்கறதுதான் என் ஆராய்ச்சி. ரிசல்ட் என்னாச்சுன்னு கேட்டார்.

ஹார்பர் சத்தத்துல கத்தினாத்தான் கேக்கும். கத்தினேன்.

"காத்து பேயா அடிக்குது சார். கடல் கொதிக்குது. ஒரு உயிர் தப்பாது."

பக்கத்துல ஒரு மீன்பிடி போட்டுல ஐஸ் ஏத்திட்டிருந்தவங்க அப்படியே நின்னுட்டாங்க.

போட்டு டிரைவர் மணி மாமா, அனல் மின் நிலையத்துக்குப் பக்கத்துல இருக்கற முகத்துவாரக்குப்பத்துக்காரர். எங்களுக்கு வழக்கமா மீன் குடுக்கற அக்காவோட வீட்டுக்காரர். அந்த அக்காகிட்ட எங்கம்மா, என் பொண்ணு வானிலை பத்திப் பெரிய படிப்பு படிக்கறான்னு ஏற்கெனவே அளந்து வெச்சிருந்தாங்க.

கிரகம் முழுக்கவா அப்படின்னு சார் கேட்டார்.

"இல்ல சார், கிழக்குப் பக்கம் மட்டும்தான்."

எங்க ஊர்ல கிழக்குப் பக்கம் இருக்கறது கடல் ஒண்ணுதான்.

மாமா ஆளுங்களைப் பாத்தார். "ஐஸ எறக்குங்கடா. படிச்ச பொண்ணு சொல்லுது."

பாதி ஐஸ் தரைக்கு வந்து, வெயில்ல கரைய ஆரம்பிச்சிடுச்சு. இத்தனை பேர் பொழப்பு என் வாயால கெடுதேன்னு ஓடிப்போய், மாமா அது நம்ம கடல் இல்ல, வேற கிரகம், பாருங்க மத்த போட்டெல்லாம் கெளம்புதுன்னு கெஞ்சினேன்.

மாமா ஐஸ் எறக்கறவங்களைக் கையக் காட்டி நிறுத்தினார். "அங்க யாரு கீறா?"

யாரும் இல்ல மாமா, வாழ முடியுமான்னுதான் பாக்கறோம்னேன்.

"அதுக்கு இன்னாத்துக்கு அம்மாந்தூரம்? எங்க குப்பத்துக்கு வா. மேல பொகை, ஆத்துல சாம்பலு. நாங்க வாழ்ந்துகினுதான் கீறோம். அத்த எழுதிக்க."

ஆளுங்க சிரிச்சிட்டாங்க. எனக்குத்தான் சிரிக்க முடியல.

ஐஸ் திரும்ப ஏறுச்சு. பாவத்தைக் கழிக்க நானும் கூட நின்னு கட்டி கட்டியாத் தூக்கிக் குடுத்தேன். போட்டு கெளம்பினதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

போனைப் பாத்தா, சார் இன்னும் லைன்ல இருந்தார். எல்லாத்தையும் கேட்டிருக்கார்.

"உன் மாடல்ல அவரைச் சேக்கலையேம்மா"ன்னு சொல்லிட்டு வெச்சிட்டார்.

வீட்டுக்கு வந்து, ஐஸ் தண்ணியில நனைஞ்ச சுடிதாரைப் புழிஞ்சு காயப்போடப் போனப்பதான் தெரிஞ்சுது, கயிறு வாங்கவே இல்ல.