காதுக்காரரும் நாலாயிரம் கோழிகளும்

மனிதர்களில் காதுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. காது எல்லோருக்கும்தானே இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது. ஆனால் தன் காதைப் பற்றி ஓயாமல் பேசுவது இந்த இனம் மட்டும்தான்.

நம் காதுக்காரரிடம் நாலாயிரம் முட்டைக்கோழிகள், இருபது வருஷ அனுபவம். "டெஸ்ட்டாவது மண்ணாவது! எந்தக் கோழிக்குச் சளின்னு என் காதே சொல்லிடும்" என்பார். தினமும் காலையில் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, கொட்டகைக் கதவைப் படாரென்று திறந்து, தொண்டையை இரண்டு தரம் செருமி, தீவன வாளியைக் கம்பியில் தட்டி, "என்ன கண்ணுங்களா, எல்லாரும் சௌக்கியமா?" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, அதன்பிறகு தலையைச் சாய்த்துக் கண்ணை மூடி நிற்பார் பாருங்கள், அடடா! நாலாயிரமும் கப்சிப்.

"பாத்தியா? ஒரு தும்மல் உண்டா?" என்று மனைவியைப் பார்ப்பார். அவருக்கு மனம் குளிர்ந்துவிடும்.

அந்த வாரம் மனைவிக்குத்தான் குளிரவில்லை.

"என்னங்க, மூணாவது வரிசையில நாலு கோழிக்கு மூக்கு ஒழுகுது. கண்ணோரம் வீங்கியிருக்கு. டாக்டரைக் கூப்பிடுவோம்."

"தூசும்மா."

"முட்டை குறைஞ்சிருக்கே?"

"வெயில்."

"நேத்து ஒண்ணு செத்துப்போச்சே?"

"அதுக்கு வயசாச்சு."

நாலாயிரமும் ஒரே நாளில் பொரித்தவை. அது அவருக்குத் தெரியாதா என்ன?

அந்த அம்மாள் வாதாடவில்லை. அவர் டீ குடிக்கப் போன நேரமாகப் பார்த்து, சத்தமில்லாமல் உள்ளே போய் ஐந்து நிமிஷம் சும்மா நின்றாள். கோழிகள் அவளை மறந்தன. முதலில் ஒரு தும்மல். அப்புறம் கர் கர்ரென்று ஒரு மூச்சு. பிறகு இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் பத்து. இன்னும் ரெண்டு நாள் விட்டால் கொட்டகையே காலியாகிவிடும். உடனே டாக்டருக்குப் போன் போட்டாள்.

கால்நடை டாக்டர் வந்து, பஞ்சுக் குச்சியால் சளி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் பதில் வந்தது. பாக்டீரியாதான். எந்த மருந்துக்கு அடங்கும் என்பதையும் எழுதியிருந்தார்கள். அறுபது கோழிகள் போய்ச் சேர்ந்தன, பாவம். மற்றவையெல்லாம் பிழைத்துக்கொண்டன.

காதுக்காரர் அசந்தாரா? "நான்தான் சொன்னேனே டாக்டர், காதால கேட்டாலே தெரியும்னு!" என்றார்.

"சார், நீங்க உள்ள போனா கோழியெல்லாம் பயத்துல வாயே திறக்கிறதில்ல."

"பயமா? மரியாதை சார்!"

சிரித்தது போதும், வாசகரே. நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் பேச்சுச் சத்தம் அடங்கிவிடுகிறதா? 'நம்ம வீட்டுல ஒரு பிரச்சினையும் இல்லப்பா' என்று வெளியே சொல்லிக்கொண்டு திரிகிறீர்களா? ஒருநாள் செருமாமல் உள்ளே வந்து, வாயை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். ஏதாவது காதில் விழுந்தால், தயவுசெய்து தூசு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.