சாதித்தாயிற்று

செழும்புரி என்றொரு நாடு இருந்தது. அங்கே மலை இருந்தது, ஆறு இருந்தது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடிமக்களே ஓலை போட்டு மன்னரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் இருந்தது. எதிர்த்து நிற்க யாரும் முன்வராததால் தேர்தல் சச்சரவில்லாமல் நடந்துவந்தது.

அந்த நாட்டில் ‘சாதித்தார்’ என்ற சொல்லை வாய்க்கு வந்தபடி யாரும் சொல்லிவிட முடியாது. ஒருவன் மூன்று குழி தோண்டித் தோற்று, நாலாவதில் தண்ணீர் கண்டால், முரசுக்காரன் வந்து “இன்னார் கிணறு வெட்டிச் சாதித்தார்” என்பான். அதை நேரில் பார்த்த ஊரார் “கண்டோம்” என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் எழாவிட்டால் முரசுக்காரன் வந்த வழியே திரும்பிவிடுவான்.

அரண்மனையில் முரசுக்கான வாசகங்களை எழுதும் உத்தியோகம் கூத்தபிரானுக்கு. நல்ல மனிதர், கையெழுத்தும் நல்ல கையெழுத்து.

புதிய மன்னர் பட்டமேற்ற மாதத்தில் சொல்லமைச்சர் வித்தகராயர் சபையில் எழுந்து வருத்தப்பட்டார்.

“கிணறு வெட்டுகிறவனும் சாதிக்கிறான், மாமன்னரும் சாதிக்கிறார் என்றால், மாமன்னருக்கு என்ன மரியாதை?”

அன்று முதல் அந்தச் சொல் மன்னருக்கு மட்டுமே உரியதாயிற்று. குடிமக்கள் எதைச் செய்து முடித்தாலும் “ஏதோ நடந்தது” என்று சொல்லிக்கொள்ள வேண்டியது. கிணறு வெட்டுகிறவர்கள் இரண்டாவது குழியோடு வீட்டுக்குப் போகத் தொடங்கினார்கள்.

நாலாண்டு கழித்து, வேலை முடியும்வரை முரசு காத்திருப்பதும் தவறாயிற்று. “மன்னர் மனத்தில் நினைத்துவிட்டாலே முக்கால்வாசி முடிந்தது. மிச்சம் கால்வாசி உம்முடைய எழுத்தில் இருக்கிறது, கூத்தபிரானே” என்றார் வித்தகராயர். கூத்தபிரான் தலையாட்டினார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சமையல் தன் வேலையில்லை என்று இருந்துவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் கீழ்மடையில் ஏரிக்கரை விரிசல் விட்டது. கீழ்மடை அவருடைய தங்கை உலகம்மை வாழ்க்கைப்பட்ட ஊர். கணவனை இழந்தவள், ஒரே மகள் பவளம், இருபது வயது, தை மாதத்தில் கலியாணம் பேசியிருந்தார்கள். ஊர் மனுவைக் கூத்தபிரானே சபைக்குக் கொண்டுபோனார். மன்னர் பெருந்தன்மையோடு நினைத்தார். உடனே, ‘கீழ்மடைக் கரையைக் கட்டிச் சாதித்தோம்’ என்று வாசகம் தயாராயிற்று. ஊரார் “கண்டோம்” சொன்னால் முடிந்தது. அதை வாங்கிவர அவரையே அனுப்பினார்கள்.

“கரைல இன்னும் ஒரு கூடை மண்ணுகூட விழலியே அண்ணே” என்றாள் உலகம்மை.

“விழும் தாயி. இப்ப கண்டோம்னு சொன்னாத்தான் ஓலை மேல போகும், ஆளு வரும். நான் உள்ள இருக்கேன்ல, பாத்துக்கறேன்.”

“பாக்காததைப் பாத்தேன்னு எப்படிண்ணே சொல்றது?”

“என்னை நம்ப மாட்டியா?”

அவள் நம்பினாள். முரசு கொட்டியதும் முதல் குரல் அவளுடையது. அரண்மனையில் அண்ணன் இருக்கிறவளே சொல்கிறாள் என்று ஊரும் சொன்னது. ஊர் செய்தது தவறு. கூத்தபிரான் செய்ததற்குத் தவறு என்ற பெயர் போதாது.

மறுவாரம் அவர் அமைச்சரிடம் ஆள் கேட்டார்.

“கட்டி முடித்த கரைக்கு ஆள் எதற்கு?”

“இன்னும் கட்டவில்லையே, ஐயா.”

“ஊரே கண்டிருக்கிறது. உமக்கு மட்டும் கண்ணில் கோளாறா?”

சாதித்து முடித்த ஒன்றை மறுபடி கேட்பது மன்னரைப் பொய்யர் என்று சொல்வதாகும் என அன்று மாலையே மூன்றாவது ஆணை வந்தது. கீழ்மடைக்காரர்கள் தாங்களே மண்வெட்டியோடு போனபோது காவலர்கள் தடுத்தார்கள். நல்ல கரையில் கைவைப்பதும் அதே குற்றந்தானே. கூத்தபிரான் இரண்டு முறை அமைச்சரின் வாசல்வரை போனார். இரண்டு முறையும் செருப்பைக் கழற்றாமலே திரும்பினார்.

ஐப்பசியில் ஒரு பட்டப்பகலில் கரை உடைந்தது. முப்பத்தொரு பேர் போனார்கள். மாட்டை அவிழ்க்கப் போன பவளமும் போனாள், உடல்கூடக் கிடைக்கவில்லை.

‘கீழ்மடை வெள்ளத்தில் ஓர் உயிரும் போகாமல் காத்துச் சாதித்தோம்’ என்பது வாசகம். அரண்மனை வாசலில் வேறு வேலையாக நின்றிருந்தவர்கள் “கண்டோம்” என்றார்கள். அதைக் கூத்தபிரான் அழுதுகொண்டே எழுதினார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அவர் பிழையில்லாமல் எழுதினார். அழுதது வீட்டுக்கு வந்த பிறகு.

யாரும் சாகவில்லை என்பதால் குடிகள் பட்டியலிலிருந்து யாருடைய பெயரையும் எடுக்க முடியவில்லை. சித்திரையில் தேர்தல் வந்தது. ஓலை போட்டவர்களின் பெயர்களை ஊர்வாரியாக அரண்மனை வாசலில் படிப்பது முறை. படித்தவர் கூத்தபிரான்.

“கீழ்மடை, நூற்று நாற்பது பேர். நூற்று நாற்பதும் மன்னருக்கே” என்று தொடங்கி ஒவ்வொரு பெயராகப் படித்தார். பவளத்தின் பெயரையும் படித்தார். குரல் பிசகவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு உலகம்மை அவரிடம் வந்தாள். சண்டை பிடிக்க வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினாள்.

“பவளம் ஓலை போட வந்திருந்தாளாமே அண்ணே. நீ பாத்தியா? ரொம்ப இளைச்சிருந்தாளா?”

கேட்டுவிட்டு, பதிலுக்காக அங்கேயே நின்றாள்.