வலது கைக்கும் ஒரு ‘யூ’

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

சுக்யோங் வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் அனுப்பிய கடுகுக்கீரைக் கிம்ச்சி நசுங்காமல் வந்து சேர்ந்தது. யோசுவில் கடற்காற்றும் அண்ணனின் முழங்கால் வலியும் தணிந்திருக்கும் என நம்புகிறேன்.

“மொழிபெயர்ப்பெல்லாம் போதும், இங்க வந்து என் நெத்திலிக் கடைக் கல்லாவுல உக்காரு, கையாவது மிஞ்சும்” என்று போன மாதம் போனில் சொன்னீர்களே, அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். கூடவே உங்கள் தம்பி, அதுதான் என் வீட்டுக்காரர், அவரைப் பற்றி ஒரு முறையீடும் உண்டு. நீங்கள் வளர்த்த பிள்ளை, வேறு யாரிடம் போவேன்?

மணிக்கட்டு வீங்கியதும் மருத்துவர் மூன்று மாதம் தட்டச்சே கூடாது என்றார். என் கையில் பதினாறு பாகத் தைவான் தொடர். கெடு தவறினால் வசனவேலை வேறொருவருக்குப் போகும். நாற்பத்தைந்து வயதுக்காரியைத் தேடி அது திரும்பி வராது. வீட்டில் வந்து அழுதேன். உங்கள் தம்பி ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லாமல் அளவுநாடாவை எடுத்து என் தோள்களை அளந்தார். “நேரா இருக்கற கீபோர்டுதான் உன் கையை முறுக்குது. ரெண்டாப் பொளந்து தோளுக்கொண்ணா வெச்சுட்டா சரியாப் போயிடும்” என்றார். மறுநாள் முல்லே பட்டறைத் தெருவில் அலுமினியம் வெட்டக் கொடுத்தாயிற்று. அப்புறம் என்ன, இரண்டு வாரம் சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு இடமில்லை. எழுபது விசைகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, கண்மை தீட்டுகிற மாதிரி தூரிகையால் மசகு தடவி, காதருகே வைத்து அமுக்கி, “ம்ஹூம், கூழாங்கல்லு உரசற சத்தம் வரல”ன்னு திரும்பப் பிரிச்சா, மனுஷி எங்க உக்காந்து சோறு திங்கறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவரைப் போலவே கீபோர்டு கட்டுகிற கூட்டாளிகள் மூன்று பேர் வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, இடைவெளி விசையை ஆளுக்கு ஒரு தடவை தட்டி, கண்ணை மூடித் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நான் உரித்து வைத்த பேரிக்காயை யாரும் தொடவில்லை.

முடித்து வைத்தபோது பாராட்டாமல் இருக்க முடியவில்லை, அக்கா. நதிக்கல் நிறத்தில் இரண்டு பாதிகள். கையை வைத்தால் தோள் தானாகத் தளர்ந்தது. அடிக்க ஆரம்பித்த பிறகுதான் வினை. நம் கொரியக் கீபோர்டில் மெய்யெழுத்தெல்லாம் இடப்பக்கம், உயிரெழுத்தெல்லாம் வலப்பக்கம். ‘யூ’ மட்டும் எல்லை தாண்டி இடப்பக்கத்தில் கிடக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்தே நான் அதை வலது விரலால் எட்டித்தான் அடிக்கிறேன். உயிரெழுத்தாயிற்றே, வேறு எந்தக் கை போகும்? இப்போது நடுவில் ஒரு சாண் பள்ளம். விரல் எட்டிப் போய் வெறும் மேசையை ‘டொக்’ என்று தட்டும். என் கதாநாயகன் பெயரோ லியூ. வரிக்கு ஒரு லியூ, லியூவுக்கு ஒரு டொக். நான்காம் நாள் கீழ்வீட்டு அம்மா ஏறி வந்துவிட்டார்.

“உங்க வீட்டுல என்ன, பகலெல்லாம் பூண்டு நசுக்கறீங்களா?”

“இல்லீங்க, மொழிபெயர்க்கறேன்.”

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

இடது கையால் அடித்துப் பழக முயன்றேன். முப்பது வருஷப் பழக்கம் சொன்னால் கேட்குமா? ஒரு நாளுக்கு இருபது வரி. பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன்: “ஏங்க, மேசையிலயும் ஒரு விசை வெச்சுருங்களேன்!” அவர் கோபப்படவில்லை. எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் வலது ஆள்காட்டி விரலை ஒரு மணி நேரம் வைத்த கண் வாங்காமல் பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை. “தப்பு உன் விரல் மேல இல்ல, என் மேலதான்” என்று சொல்லி வலது பாதியை முழுசாகக் கழற்றினார். ஒரே ஒரு எழுத்துக்காகப் புதுத் தகடு, புது மின்பலகை, முல்லேக்கு நாலு நடை. இப்போது ‘யூ’ இரண்டு பக்கமும் இருக்கிறது. விரல் தட்டுகிற இடத்தில் விசையை வைத்துவிட்டார்.

அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. அடிக்க முடியாததால் ஒவ்வொரு வரியையும் மனசுக்குள் வெகுநேரம் வைத்திருந்தேன். ஆறு சொல் மூன்றானது. கம்பெனியில் கேட்டபோது பத்து நாள் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதற்குள் பதினாறு பாகமும் முடிந்தது. “வசனம் சுருக்குன்னு இருக்கு” என்று அடுத்த தொடரையும் எனக்கே தந்துவிட்டார்கள். வீக்கமும் வடிந்துவிட்டது. ஆகவே அக்கா, கல்லாவுக்கு வேறு ஆள் பாருங்கள். உங்கள் தம்பியைப் பைத்தியக்காரன் என்று நாம் இருவரும் சொன்னதை நான் திரும்பப் பெறுகிறேன். என் கையைக் காப்பாற்றியது அவருடைய கீபோர்டு.

அண்ணனுக்கு என் வணக்கம். இருவரும் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி
சுக்யோங்

பி.கு.: உறையை ஒட்டுமுன் மருத்துவரிடம் போய் வந்தேன். கீபோர்டின் பெருமையெல்லாம் சொன்னேன். “பழகறப்போ நாளைக்கு எவ்வளவு அடிச்சீங்க?” என்றார். மூன்று வாரமும் இருபது வரிதான் என்றேன். “மூணு வாரமா அவ்வளவுதானா? அப்போ அந்த ஓய்வுதாம்மா மருந்து. எந்தக் கீபோர்டா இருந்தாலும் சரிதான்” என்றார். உங்கள் தம்பி காதில் இதைத் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். இன்று காலைதான், அந்த மருத்துவருக்கு நன்றிப் பரிசாகக் கீபோர்டு ஒன்று செய்துகொடுக்க, மருத்துவருடைய தோளகலத்தைக் கேட்டு வரச் சொல்லியிருந்தார்.