பொன்னுரங்கத்தின் மப்ளர்

கிணற்றடியில் வாளி இருந்தது, தாம்புக்கயிற்றைக் காணோம். முந்தின நாள் துணி காயப்போடும் கொடியும் போயிருந்தது. பொன்னுரங்கத்துக்குச் சந்தேகம் தட்டியது.

"எவனோ நோட்டம் விடறான்டி," என்றார் கரகரத்த குரலில்.

"கயித்த மட்டும் திருடற திருடன் எந்த ஊர்ல இருக்கான்? மாத்திரைய முழுங்கிட்டுக் கம்முனு உக்காருங்க," என்றாள் மனைவி மங்கலம்.

கழுத்துக் கழலையைச் சென்னையில் அறுத்தெடுத்து இரண்டு மாதம். தைராய்டோடு தெம்பும் போய்விட்டது. கத்திரி வெயிலிலும் குளிர், ஆபீசில் உட்கார்ந்தபடியே தூக்கம், எந்நேரமும் எழவு வீட்டு முகம். ஆனால் ஆபரேஷன் விஷயம் வெளியே தெரியக்கூடாது. மகள் பொன்னிக்குச் சிதம்பரத்தில் சம்பந்தம் பேசியிருந்தார்கள். அவர்கள் கேட்ட சைக்கிளும் கைக்கடிகாரமும் வாங்கிக் கொடுத்துவிடலாம். 'பரம்பரை வியாதி' என்று கை கழுவிவிட்டால் பெண்ணின் கதி என்ன? அதனால் திருப்பதிக்குப் போய்வந்ததாகச் சொல்லி, தழும்பின்மேல் மப்ளரைச் சுற்றிக்கொண்டார்.

"திருப்பதின்னீங்களே மாமா, மொட்டையக் காணோம்?" என்று கேட்டான் பக்கத்து வீட்டுக் கொளஞ்சி. கயிற்றுக்கடைக்காரன்.

மறுநாளே மொட்டை போட்டுக்கொண்டார். ஊர் இன்னும் உற்றுப் பார்த்தது.

போன வாரம் ஒருநாள் ஆபீஸ் தூக்கத்தில் மப்ளர் நழுவிவிட்டது. விழித்தபோது எதிரே சக குமாஸ்தா ராமாமிர்தம். அன்று முதல் அவருடைய பைல்களையும் ராமாமிர்தமே பார்த்தார், டிபனும் வாங்கித் தந்தார். இவன் எப்போது நல்லவனானான்?

பொன்னுரங்கம் கொளஞ்சி கடைக்குப் போனார்.

"தாம்புக்கயிறு ஒண்ணு குடுடா."

"ஸ்டாக் இல்ல மாமா."

மூக்குக்கு நேரே கயிறு குவிந்து கிடந்தது.

"இது என்னடா?"

"அது மாட்டுக்கு."

"சரி, மாட்டுக்குன்னே குடு."

"உங்க ஊட்ல ஏது மாடு? சோடா குடிங்க மாமா. எல்லாம் சரியாப் பூடும்."

ஊரே சேர்ந்து எதையோ மறைக்கிறது!

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்திலிருந்து சம்பந்தி சபாபதி வந்தார். "பொண்ணு மட்டும் போதுங்க. சைக்கிள், வாட்ச்சு ஒண்ணும் வேணாம்."

பொன்னுரங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன்? பையனுக்கு வலிப்பு கிலிப்பு...?"

மங்கலம் தலையில் அடித்துக்கொண்டாள். சபாபதியோ கோபப்படவே இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மனச மட்டும் உட்டுடாதீங்க சம்பந்தி," என்று கண்கலங்கிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் கொளஞ்சி வந்தான். அவன் தோளில் காணாமல்போன தாம்புக்கயிறும் கொடிக்கயிறும்!

"இனிமே பயமில்ல, வச்சிக்குங்க மாமா. சீருக்குப் பயந்து நீங்க தூக்குல தொங்கிப் பொழச்ச தழும்ப ராமாமிர்தம் சார் பாத்துட்டாரு; நான்தான் சிதம்பரம் போயி சம்பந்தி காதுல போட்டுட்டு வந்தேன்!"